ஒரே புத்தகத்தை எத்தனை முறை ஸ்கேன் செய்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

சமத்துவம், பன்மைத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல். இந்த மூன்றையும் சேர்த்து இன்றைக்குப் பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் திட்டம் போடுகின்றன. அதற்கென ஓர் அலுவலகம், ஒரு குழு, ஐந்தாண்டு இலக்குகள் என்று வைத்திருக்கின்றன. அந்த ஆவணங்களில் நாலைந்தை வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்கள். கவலைகள் எல்லாம் ஒன்றுதான். ஆனால், தன்னைத் தவிர வேறு பல்கலைக்கழகமே கிடையாது என்பதுபோலத்தான் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கும். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயர்கூட வராது. இந்தத் திட்டங்களைப் பல்கலைக்கழகங்கள் கூடிப் போட வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஏனென்றால், இதில் உள்ள முக்கியமான வேலைகள் சிலவற்றைத் தனியாக யாராலும் செய்து முடிக்க முடியாது.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்வையற்ற ஒரு மாணவி வேதியியல் படிக்கச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் பாடநூல் பட்டியல் வருகிறது. எண்ணூறு பக்கப் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும். பதிப்பகத்திடம் மின்கோப்பு கேட்டால் வர நாளாகும். வந்தாலும், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு ஒத்துவராத வடிவில் வரலாம். அதனால், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சேவைப் பிரிவில் வேலை செய்பவர் புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்து ஸ்கேன் செய்கிறார். பிறகு எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருளில் போடுகிறார். சாதாரண வாக்கியங்களை அது ஓரளவு சரியாகப் படித்துவிடும். சமன்பாடு வந்தால் தடுமாறிவிடும். அடியில் சின்னதாக இருக்க வேண்டிய 2, பக்கத்தில் முழு 2 ஆகிவிடும். அம்புக்குறி காணாமல் போகும். மேலே ஏற வேண்டிய மின்னூட்டக் குறி கீழே இறங்கி, வேறு பொருள் தந்துவிடும். ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்து படங்கள். ஒரு மூலக்கூறின் அமைப்பைச் சொற்களால் விவரிக்க வேண்டுமென்றால் வேதியியல் தெரிந்தவர் வேண்டும். அட்டவணையில் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதை மென்பொருளுக்குப் புரியும்படி குறித்துக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் வாரக்கணக்கில் நடக்கும். ஒரு அத்தியாயம் அந்த மாணவியின் கைக்குப் போய்ச் சேரும்போது வகுப்பு இரண்டு அத்தியாயம் தாண்டியிருக்கும். தேர்வுத் தேதி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதே பருவத்தில் இன்னொரு பல்கலைக்கழகத்தில், இன்னொரு பார்வையற்ற மாணவருக்காக, இதே புத்தகத்தின் முதுகை வேறு யாரோ வெட்டிக்கொண்டிருப்பார். அங்கேயும் அதே சமன்பாடுகள், அதே படங்கள். மாணவர் படிப்பை முடித்துப் போனதும், அவ்வளவு உழைத்துத் தயாரித்த கோப்பு ஏதோ ஒரு கணினியில் கிடக்கும். கணினியை மாற்றும்போது அதுவும் போய்விடும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பல்கலைக்கழக நூலகங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. அவர்களுக்கு ஸ்காலர்ஸ் போர்ட்டல் என்ற கூட்டுச் சேவை இருக்கிறது. அதன்கீழ், அச்சு வாசிக்க முடியாதவர்களுக்காக மாற்றிய நூல்களுக்கென்று பொதுவான மின்களஞ்சியம் ஒன்றை நடத்துகிறார்கள். ஓரிடத்தில் ஒரு மாணவருக்காக மாற்றிய நூல் அதில் சேர்ந்துவிட்டால், இதில் பங்கெடுக்கும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் தேவைப்படும் மாணவர் அதை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தலைமையில் இதேபோன்ற கூட்டு முயற்சி நடக்கிறது.

காப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்பீர்கள். அதற்கும் உலக அளவில் வழி பிறந்திருக்கிறது. 2013-ல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. பார்வையற்றோருக்கும் அச்சு வாசிக்க இயலாத மற்றவர்களுக்கும் ஏற்ற பிரதிகளைத் தயாரிக்கவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் காப்புரிமையில் விலக்கு தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014-ல். இருபது நாடுகள் சேர்ந்த பிறகு 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இன்னும் எவ்வளவோ இடங்களில் இது நடக்காமல் இருப்பதற்கு, செலவு யார் கணக்கில், வேலை யார் பொறுப்பில் என்று முடிவு செய்யாததே காரணம் என்று நினைக்கிறேன். திட்டம் போடுகிறவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அதுதான்.

இனி, பேராசிரியர்களில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்கு வருகிறேன். கனடாவில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு இருக்கைத் திட்டம் ஒன்று இருக்கிறது. இருக்கை என்றால், ஆய்வுக்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒதுக்கப்படும் பேராசிரியர் பதவி. அது 2000-ல் தொடங்கியது. இருக்கைகளுக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு இருக்கிறது என்று 2003-ல் எட்டுப் பெண் பேராசிரியர்கள் மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 2006-ல் உடன்பாடு வந்தது. அதற்குப் பிறகும் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருந்தது. 2019-ல் இன்னொரு உடன்பாடு ஏற்பட்டு, 2029-க்குள் எட்ட வேண்டிய இலக்குகள் வகுக்கப்பட்டன. மொத்த இருக்கைகளில் பெண்கள் 50.9 சதவீதம், இனச் சிறுபான்மையினர் 22 சதவீதம், மாற்றுத்திறனாளிகள் 7.5 சதவீதம், பூர்வகுடியினர் 4.9 சதவீதம்.

அந்த எட்டுப் பேரை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்கள் முறையிடாமல் இருந்திருந்தால் இந்த எண்களைப் பற்றி இன்றைக்குப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால், ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து இந்த எண்களைப் பாருங்கள். அதற்குப் பத்து இருக்கைகள் இருக்கின்றன என்று கொள்வோம். பத்தில் 7.5 சதவீதம் என்றால் முக்கால் ஆள். 4.9 சதவீதம் என்றால் அரை ஆள். அறிக்கை வெளியிடும்போதும் ஒரு தடை உண்டு. ஒரு பிரிவில் ஐந்துக்கும் குறைவானவர்கள் இருந்தால் அந்த எண்ணை வெளியிடக் கூடாது. வெளியிட்டால் யார் அந்த நபர் என்று எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். இது மிகவும் நியாயமான பாதுகாப்பு. தன் உடல்நிலையையோ மனநலப் பிரச்சினையையோ நம்பிச் சொன்ன ஒருவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஆனால், ‘ஐந்துக்கும் குறைவு’ என்று மட்டும் இருக்கும்போது அது பூஜ்யமா நான்கா என்று வெளியிலிருந்து படிப்பவருக்குத் தெரியாது. பத்து வருடம் போனாலும் முன்னேற்றமா தேக்கமா என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பத்துப் பல்கலைக்கழகங்கள் கணக்கைச் சேர்த்துக் கொடுத்தால் நூறு இருக்கைகள் ஆகிவிடும். யாரையும் அடையாளம் காட்டாமலேயே உண்மை நிலவரம் வெளியே வரும்.

அப்படிச் சேர்ப்பதற்கு எல்லோரும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்டிருக்க வேண்டும். இங்கேதான் வேலை சிக்குகிறது. ‘உங்களுக்கு உடல் குறைபாடு உண்டா?’ என்று ஒரு படிவம் கேட்கும். ‘வேலையில் உங்களுக்கு ஏதாவது வசதி செய்துதர வேண்டுமா?’ என்று இன்னொன்று கேட்கும். நீண்டநாள் வலியோடு வேலை பார்க்கும் ஒருவர் முதல் கேள்விக்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆமாம் என்றும் பதில் எழுதலாம். இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. படிவத்தின் வாசகத்தைப் பேசி ஒன்றாக்குவது யாரும் கைதட்டாத வேலை. ஆனாலும், கூட்டுத் திட்டத்தின் முதல் வருடம் இதற்கே போனாலும் தகும்.

ஆள் எடுப்பதில் இன்னொரு சிக்கல். ஒரு துறையில் பேர்பெற்ற பூர்வகுடிப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அதிகச் சம்பளம் கொடுத்து வேறொரு பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொள்கிறது. அழைத்துக்கொண்ட இடத்தில் இலக்கு நிறைவேறியது என்று அறிக்கை வரும். விட்டுவிட்ட இடத்தில் ஒன்று குறையும். நாட்டுக் கணக்கில் ஒருவர்கூடக் கூடவில்லை. அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அது அவர் உரிமை. தனித்தனித் திட்டங்களுக்கு இந்த இடமாற்றம் வளர்ச்சியாகத் தெரிகிறது என்பதுதான் என் கவலை. முனைவர் பட்டத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், நடுவில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், ஏன் போனார்கள் என்பதை எல்லோரும் சேர்ந்து பார்த்தால்தான் புதிதாக ஆள் வர வழி பிறக்கும்.

பிரிட்டனில் 2005-ல் அதீனா ஸ்வான் என்ற சாசனம் தொடங்கியது. அறிவியல் துறைகளில் பெண்கள் முன்னேறும் வகையில் நடந்துகொள்ளும் பல்கலைக்கழகங்களுக்கு விருது தருவது தொடக்கத்தில் அதன் முறையாக இருந்தது. 2011-ல், குறிப்பிட்ட மருத்துவ ஆய்வு நிதி வேண்டுமென்றால் மருத்துவக் கல்லூரிகள் அதன் வெள்ளி விருதைப் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அறிவிக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளின் கவனம் உடனே இந்தப் பக்கம் திரும்பியது. ஆனால், விண்ணப்பத்துக்கான எழுத்து வேலையும் மலைபோல ஏறியது. அந்தச் சுமை அளவுக்கு மீறிவிட்டது என்று 2020-ல் வந்த மறுஆய்வே சொன்னது. அந்த வருடமே நிதியோடு இருந்த நிபந்தனையும் கைவிடப்பட்டது. போட்டி போட்டு விருது வாங்கும் முறையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அமெரிக்காவில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 2014-ல் பதினொரு அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டணி அமைத்தன. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேற வேண்டும், அதற்காக எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். அவற்றில் ஒன்றான ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், மாணவர் சறுக்கத் தொடங்கும்போதே ஆலோசகர் தேடிப்போய்ப் பேசும் முறையைக் கையாண்டு நல்ல பலன் கண்டிருந்தது. இதே அணுகுமுறையைப் பதினொரு இடங்களிலும் சுமார் 10,000 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஜார்ஜியா ஸ்டேட்டில் பலன் தெளிவாகத் தெரிந்தது. எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை.

இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. ஓரிடத்தில் வெற்றி பெற்றதை அப்படியே படியெடுத்தால் போதாது, அங்கிருக்கும் ஆலோசகர்களின் எண்ணிக்கையும் பயிற்சியும் தலைமையின் ஈடுபாடும் சேர்ந்துதான் அந்த வெற்றி என்பதைத் தனியொரு பல்கலைக்கழகம் எப்படிக் கண்டுபிடித்திருக்கும்?

கூட்டுத் திட்டம் போடுகிறவர்களிடம் இரண்டு விஷயங்களை வலியுறுத்திக் கேட்கிறேன். பெரிய பல்கலைக்கழகத்திடம் ஆள் இருக்கும், பணம் இருக்கும். சிறியதில் ஒரே ஆள் மாணவர் சேவையையும் பார்த்துக்கொண்டு இந்தக் கூட்டங்களுக்கும் வர வேண்டியிருக்கும். செலவைச் சமமாகப் பங்கு போட்டால் சிறிய நிறுவனம் இரண்டாம் கூட்டத்திலேயே நின்றுவிடும். எனவே, அவரவர் அளவுக்கேற்பச் செலவையும், எல்லோருக்கும் சமமாக வாக்கையும் வையுங்கள்.

மற்றொன்று, குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது. பெரும்பாலும் துறையில் இருக்கும் ஒரே கறுப்பினப் பேராசிரியரையோ, சக்கர நாற்காலியில் வரும் ஒரே ஆசிரியரையோதான் எல்லாக் குழுக்களுக்கும் கூப்பிடுகிறார்கள். அவர் ஆய்வுக்கு ஒதுக்க வேண்டிய நேரம் இதில் கரைகிறது. பதவி உயர்வு வரும்போது ஆய்வுக் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். குழுவில் செலவழித்த நேரத்தைப் பணிச்சுமையில் கணக்கெடுத்து, அந்த அளவுக்கு வகுப்புகளைக் குறைத்துக் கொடுங்கள். மாணவர்களை அழைத்தால் அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். படித்துக்கொண்டே பகுதிநேர வேலையும் பார்க்கும் மாணவர், ஒரு வேலை நேரத்தை விட்டுவிட்டுத்தான் உங்கள் கூட்டத்துக்கு வருகிறார்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.