எண்ணெயைத் தேடும் இரும்புத்தூள்

நேயர்களுக்கு வணக்கம்.

காந்தம் இரும்பை இழுக்கும், எண்ணெயை இழுக்காது. ஆனால் எண்ணெயில் இரும்புத்தூளை ஒட்டவைத்துவிட்டால்? அப்போது தூளோடு எண்ணெயும் சேர்ந்து வந்துவிடும்.

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை தோண்டிய எண்ணெய்க் கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது. கடல்மேலிருந்து வழித்தெடுக்க முடிந்தது மிகச் சிறிய பங்குதான். தடித்த படலத்தை வழிக்கலாம், மெலிந்து பரவிவிட்டால் கருவிகளுக்கு அது பிடிபடாது. சரி, உறிஞ்சும் தூளைத் தூவலாம். தூவியதைத் திரும்ப அள்ளுவது எப்படி? காந்தம் உதவுவது அங்கேதான்.

தூளின்மேல் ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தைப் பூசுவார்கள். அதன் ஒரு முனை தூளிலுள்ள இரும்பு ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். வெளியே நீட்டி நிற்கும் வால் தண்ணீரை விலக்கி எண்ணெயோடு சேரும்.

இதற்கான இரும்பு ஆலைக்கழிவிலேயே கிடைக்கிறது. பாக்சைட் என்ற தாதுவிலிருந்து அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினாவைப் பிரித்தபின் மிஞ்சும் செஞ்சேற்றுக்கு அந்தச் சிவப்பைத் தருவதே இரும்பு ஆக்சைடுதான். ஒரு டன் அலுமினாவுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு சேரும். அதிலுள்ள ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு காந்தத்துக்கு எளிதில் மசியாது. கரியோடு சேர்த்து, காற்று படாமல் சூடாக்கினால் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து கருப்பு மேக்னடைட்டாக மாறும். அப்புறம் காந்தத்தை விடாது.

ஆனால் மேக்னடைட் தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனம். அளவு மிஞ்சினால் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு மூழ்கும். அதனால்தான் எனக்கு அனல்மின் நிலையச் சாம்பல்மீது தனி ஈடுபாடு. அதில் உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகள் உண்டு. அவை தண்ணீரில் மிதக்கும். அவற்றின்மேல் மேக்னடைட்டைப் படியவைத்தால் மிதப்பும் காந்தமும் ஒரே துகளில் கிடைத்துவிடும்.

ஒரு கவலையும் சொல்லியாக வேண்டும். செஞ்சேறு கடும் காரம். 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா ஊரருகே அதன் தேக்கக் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். அந்தச் சேற்றைக் கழுவி, காரத்தைப் போக்கி, கன உலோகம் கசிகிறதா என்று பார்க்காமல் ஒரு பிடிகூடக் கடலில் தூவக் கூடாது.

ஒரு கிராம் தூள் எத்தனை கிராம் எண்ணெயைக் குடிக்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் முதலில் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. காந்தம் சிறிது விலகினாலே அதன் பிடி சட்டென்று தளர்ந்துவிடும். காந்தம் கடந்து போனபின் அந்தத் தண்ணீரில் எவ்வளவு தூள் மிஞ்சியது?