வெண்புள்ளி: ரத்த சொந்தம் எவ்வளவு, மற்றது எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். சம்பந்தம் பேசும்போது நேரில் கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் விஷயங்களில் ஒன்று, "அந்த வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி இருக்கிறதா?" என்பது. தோலில் அங்கங்கே நிறம் போய் வெள்ளைத் திட்டு விழுகிறதே, அந்த நோய்தான். பெண்ணின் அத்தைக்கு இருந்தது என்று காதில் விழுந்தால் பேச்சு அதோடு முடிந்தது. அப்படி முடித்துக்கொள்ள மரபணு ஆராய்ச்சி இடம் தருகிறதா என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் தொற்றாது. தொழுநோயோடு இதற்கு எந்த உறவும் கிடையாது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கும், வெண்புள்ளியில் மங்காது. மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதும் வெறும் பேச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். உலகத்தில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கோ, அதற்கும் குறைவாகவோ வெண்புள்ளி இருக்கிறது. ஒருவருக்கு இருந்தால் அவருடைய கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு என்ன? 2003-ல் வந்த ஒரு பெரிய குடும்ப ஆய்வில் சுமார் 6 சதவீதம். மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று இதையே சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் மடங்கு என்பது ஒரு கணக்கு, நூற்றுக்கு எத்தனை என்பது வேறு கணக்கு. அண்ணனுக்கு இருந்தும், 100 தம்பி தங்கைகளில் 94 பேருக்கு வராது. டாக்டர் யாராவது "மடங்கு" என்று சொன்னால், "நூற்றுக்கு எத்தனை டாக்டர்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னும் அழுத்தமான சாட்சி இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு அத்தனையும் ஒன்றுதான். ஒருவருக்கு வெண்புள்ளி வந்தால் மற்றவருக்கும் வந்தது 23 சதவீதம்தான். மரபணு மட்டுமே தீர்மானிப்பதாக இருந்தால் இது 100-ஐ நெருங்கியிருக்க வேண்டும். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றால் ஒன்றைத் தாண்டியிருக்காது. இரண்டும் இல்லை, 23.

அந்தப் பங்கு எங்கே இருக்கிறது? ஒரே ஒரு 'வெண்புள்ளி மரபணு' கிடையாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்பிரிட்ஸ் குழுவினர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுவைச் சலித்துப் பார்த்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் மட்டும் வெண்புள்ளியோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் சுமார் 50 என்று 2016-ல் கணக்கு வந்தது. ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். பெரும்பாலானவை தோல் சம்பந்தப்பட்டவையே அல்ல, நோய் எதிர்ப்பு சக்தியை நடத்துபவை. ஏனென்றால் இந்த நோயில் நடப்பது, நம் உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள், தோலுக்கு நிறம் தரும் நம் நிறமிச் செல்களையே எதிரி என்று நினைத்து அழிப்பது.

எப்படி அடையாளம் காண்கின்றன? துணிக்கடை வாசலில் சாம்பிள் தொங்கவிடுவார்களே, அதுபோல ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை வெளிப்பக்கம் மாட்டி வைக்கிறது. மாட்டும் கொக்கிதான் ஹெச்.எல்.ஏ. கொக்கியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. சில வடிவங்கள் நிறமிச் செல்லின் துண்டுகளை நன்றாகவே எடுத்துக்காட்டிவிடும்; டி செல் கண்ணில் படும். இந்தியாவில் குஜராத்திலும் வடக்கிலும் ஆராய்ந்தபோது இந்தக் கொக்கிகளில் டி.ஆர்.பி.1 வரிசையில் 07:01 என்ற வகை நோயாளிகளிடம் அதிகமாகத் தெரிந்தது. ஐரோப்பியப் பட்டியலில் இருக்கும் பி.டி.பி.என்.22 என்ற மரபணுவின் மாற்றமோ ஆசியாவில் அபூர்வம். ஆகவே, எச்சிலை அனுப்பினால் ஆபத்தைக் கணித்துச் சொல்கிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நமக்கு அந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது.

தோலுக்கே உரிய ஒரு மரபணுவும் பட்டியலில் இருக்கிறது: தோலின் நிறப்பொருளான மெலனினைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்கானது. இதில் ஒரு விசித்திரம். அந்த மரபணுவின் எந்த வகை வெண்புள்ளி வாய்ப்பைக் கூட்டுகிறதோ, அதே வகை மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. காரணம் பெரும்பாலும் இதுதான்: நொதி சரியாக உருவானால் அதன் துண்டு கொக்கியில் நிறைய மாட்டப்படும், டி செல்கள் விழிப்பாக இருக்கும். அந்த விழிப்பு புற்றுச் செல்லையும் பிடிக்கும், நல்ல செல்லையும் அடிக்கும். மெலனோமாவுக்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து கொடுக்கும்போது சிலருக்கு வெண்புள்ளி தோன்றும். சிகிச்சை பலிக்கிறது என்பதற்கு அதை நல்ல அறிகுறியாகவே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கெட்ட மரபணு என்று ஒன்றைத் தனியே ஒதுக்கிவிட முடியாது பாருங்கள்.

மரபணு அல்லாத மீதி என்ன? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜப்பானில் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களில் ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்தார்கள். 2013 ஜூலையில் அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பூசியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 2 பேருக்கு முகம், கழுத்து, கைகளில் வெள்ளைத் திட்டு. அந்தப் பொருளைப் பிடித்து மாற்றியது யார் தெரியுமா? அதே டைரோசினேஸ்தான். மெலனின் செய்ய வேண்டிய நொதி, இதை நிறமிச் செல்லுக்கே விஷமான பொருளாக மாற்றிவிட்டது. கிரீமை நிறுத்தியதும் பலருக்கு நிறம் திரும்பியது. சிலருக்குத் திரும்பவில்லை.

நம்மூர் சங்கதியும் இதே வழிதான். ஸ்டிக்கர் பொட்டின் பசையிலும், ரப்பர் செருப்பிலும் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் போன்ற பொருள்கள் நெற்றியிலும் புறங்காலிலும் வெளுப்பை உண்டாக்கும். பொட்டு வைக்கிற இடம் வட்டமாக, செருப்பு வார் படுகிற இடம் வாரின் வடிவிலேயே வெளுக்கிறது என்றால், அன்றே அதை நிறுத்துங்கள். குங்குமத்துக்கு மாறலாம் என்றால், அதிலும் சாயம் கலந்தது உண்டு, பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வெண்புள்ளி இருப்பவர்களுக்குச் சிராய்ப்பு, இறுக்கமான இடுப்பு நாடா, வாட்ச் பட்டை உராயும் இடத்திலும் புதிதாக வரும். பாவாடை நாடாவை அகலமாக வைத்துத் தளர்த்திக் கட்டுவது சின்ன விஷயம்தான், ஆனால் பலன் உண்டு.

நேரம் நெருங்குகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். இதே எதிர்ப்பு சக்தி மரபணுக்கள் பல தைராய்டு கோளாறிலும் பங்கு கொள்கின்றன. அதனால் வெண்புள்ளி உள்ளவர்கள் தைராய்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அசதி, எடை மாற்றம், முடி உதிர்தல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை என்றால் டாக்ரோலிமஸ் களிம்பு, வாரம் இரண்டு மூன்று முறை 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. பல மாதம் விடாமல் எடுத்தால்தான் தெரியும். அமெரிக்காவில் 2022-ல் வெண்புள்ளிக்கான ரக்ஸோலிடினிப் கிரீமுக்கு அனுமதி கிடைத்தது. முகத்தில் நிறம் சீக்கிரம் திரும்பும், விரல் நுனியில் தாமதம். திட்டுக்குள் முடியும் வெளுத்திருந்தால் மருந்துக்கு மசிவது கடினம். அப்போது அறுவை முறை உண்டு, ஆனால் நோய் பரவாமல் குறைந்தது ஒரு வருடமாவது நின்றிருக்க வேண்டும். அதை விளக்க இப்போது நேரமில்லை. நன்றி, வணக்கம்.