கொலையாளியைக் காட்டிக்கொடுப்பது ஊர்வம்பே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், முன்வரிசையில் இன்னும் தூங்காமல் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

"சிற்றூர்த் துப்பறியும் கதைகளில் கொலையாளியைப் பிடிப்பது மூளையா, ஊர்வம்பா?" என்று தலைப்புக் கொடுத்தார்கள், எனக்கு வம்பு அணி வந்தது. வீட்டில் போய்ச் சொன்னால், "நீயே கேட்டு வாங்கினாயா, உன்னைப் பார்த்ததும் அவர்களே கொடுத்துவிட்டார்களா?" என்கிறார்கள்.

தாமதமாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 'கோஸி மிஸ்டரி' என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு நாவல் வகை இருக்கிறது. சின்ன ஊர், ஒரு கொலை, ரத்தம் அதிகம் தெறிக்காது, பக்கத்துக்கு ஒரு முறையாவது சிரிப்பு வரும், கண்டுபிடிப்பவர் போலீஸாக இருக்க மாட்டார். ஓய்வுபெற்ற டீச்சராகவோ பேக்கரி நடத்துகிறவராகவோ தோட்டம் போடுகிற பாட்டியாகவோ இருப்பார். அவரிடம் துப்பாக்கி, வாரண்ட், ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் வழக்கு.

எதிரணித் தலைவர் எழுந்ததும் முதல் வேலையாக, அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சாம்பல் நிற மூளைச் செல்கள்!" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார், நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, பொய்ரோ பெல்ஜியம் போலீஸில் இருந்தவர், காசு வாங்கித் துப்பறிகிறவர், நம் தலைப்புக்குள்ளேயே அவர் வரமாட்டார். இருந்தாலும் அழைத்து வந்தவரைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை, என் பக்கச் சாட்சியாகவே வைத்துக்கொள்கிறேன்.

1926-இல் அகதா கிறிஸ்டி எழுதிய 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் பொய்ரோ ஓய்வு பெற்று கிங்ஸ் ஆபட் என்ற கிராமத்துக்கு வந்து, சுரைக்காய் மாதிரி ஒரு காய் வளர்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் டாக்டர் ஷெப்பர்டும் அவருடைய அக்கா கரோலினும். டாக்டரின் மூளை இந்த மீசைக்காரரைப் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வருகிறது தெரியுமா? ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர் என்று! படித்தவர், டாக்டர், மூளை அணிக்காரர்.

அக்காவைப் பாருங்கள். கதை தொடங்கும் அன்று காலை எட்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள், ஊரில் ஒரு பெண்மணி இறந்துவிட்டார். டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறார், அக்காவிடம் எப்படி மறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே. அவர் காலை உணவுக்கு உட்காருவதற்குள் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இறந்தவர் வீட்டுச் சமையல்காரி பால்காரரிடம் சொல்லி, பால்காரர் இந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லி, அவள் அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்கா வாசலைத் தாண்டவே இல்லை. அந்த ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம், அது 'வம்பு' என்று டாக்டரே தன் வாயால் எழுதுகிறார்.

அப்புறம் பொய்ரோ என்ன செய்கிறார்? சந்தேகத்துக்கு ஆளான ஒரு வாலிபனின் பூட்ஸ் கறுப்பா பழுப்பா என்று தெரியவேண்டும். நெற்றியைத் தட்டினாரா? இல்லை ஐயா, நேரே கரோலின் அக்காவிடம் போய் விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற மூளை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வம்பிடம் விண்ணப்பம் போட்டிருக்கிறது! (அக்ராய்டைக் கொன்றது யார் என்று சொல்லமாட்டேன். படிக்காதவர்கள் அரங்கில் இருக்கிறார்கள், நான் நல்லபடியாக வீடு போய்ச் சேரவேண்டும்.)

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. கிறிஸ்டி தன் சுயசரிதையில், அந்த நாவலில் தனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இந்தக் கரோலின்தான் என்கிறார். எல்லாம் கேட்டு, எல்லாம் தெரிந்து, வீட்டுக்குள்ளிருந்தே முழுத் துப்பறியும் இலாகா நடத்துகிற பெண் என்று வர்ணிக்கிறார். அவளை எழுதியதில் கிடைத்த சந்தோஷத்திலிருந்துதான் மிஸ் மார்பிள் பிறந்திருக்கக்கூடும் என்றும் சொல்கிறார். இந்த வகைக் கதைகளுக்கே தாய் போன்ற துப்பறிவாளர், ஒரு வம்புக்கார அக்காவின் வாரிசு. பெற்றவரே சொன்ன பிறகு நாம் ஏன் ஜாதகம் பார்க்கவேண்டும்?

அந்த மார்பிள் முதலில் வந்தது 1927-இல் ஒரு சிறுகதையில். செயின்ட் மேரி மீட் கிராமத்தில் அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு முன்னாள் ஸ்காட்லாந்து யார்டு கமிஷனர், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு எழுத்தாளர், ஒரு ஓவியர் என்று மூளைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்கிறவருக்கு மட்டும் விடை தெரிந்த மர்மங்களை வாராவாரம் பேசலாம், நாம் ஐந்து பேர் இருக்கிறோம், ஆறு பேராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். மூலையில் பின்னிக்கொண்டிருந்த கிழவி, என்னை மறந்துவிட்டாயே அம்மா என்கிறார். அவரை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை ஐயா! வள்ளுவர் ஒற்றனுக்கு முதல் இலக்கணமாகச் சொன்னது 'கடாஅ உருவொடு' என்று, பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராத உருவம் வேண்டும் என்று. கம்பளி நூலும் ஊசியுமாக இருக்கிற பாட்டியைவிட அதற்குப் பொருத்தமான உருவம் ஏது?

கதையில் ஒரு பெண் விஷத்தால் இறந்துபோகிறாள். கணவனின் மை ஒற்றுத்தாளில் 'ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்' என்ற சொற்கள் பதிந்திருக்கின்றன. நூறுகள், ஆயிரங்கள்! எல்லாரும் பணம், சொத்து என்று ஓடுகிறார்கள். இங்கிலாந்தில் கேக், இனிப்புகளின்மேல் தூவுகிற வண்ணச் சர்க்கரை மணிகளுக்கும் அதே பெயர்தான். மார்பிளுக்கு அது உடனே தெரிகிறது. எதிரணித் தங்கை எழப் போகிறார், "இது மூளைதானே, வம்பு எங்கே?" என்று. உட்காருங்கள் தங்கச்சி, சொல்கிறேன். அந்தக் கணவன்மேல் மார்பிளுக்கு முதலில் சந்தேகம் வரக் காரணம், அவன் பாட்டியின் ஊரில் இருந்த ஒரு பெரிய மனிதரை நினைவூட்டுகிறான் என்பதுதான். அந்தப் பெரிய மனிதர் செத்து உயிலைப் படித்த பிறகுதான் அவர் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது. ஊரே மாதக்கணக்கில் பேசியிருக்கும். அந்தப் பேச்சைக் காதில் போட்டு வைத்திருந்ததால் பாட்டி ஜெயித்தார், விடை தேடிய மற்ற மூளைகள் தோற்றன. மார்பிளின் முறையே இதுதான். இவன் அந்த மீன்கடைப் பையன் மாதிரி, இவள் அந்த வேலைக்காரப் பெண் மாதிரி என்று பழைய வம்பைப் புதிய ஆள்மேல் வைத்துப் பார்ப்பார். 1930-இல் வந்த முதல் மார்பிள் நாவலில் அந்த ஊர்ப் பாதிரியார் அலுத்துக்கொள்வார்: தோட்ட வேலை நல்ல திரையாம், பறவை பார்க்கிற தூரக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் உதவுமாம். எங்கள் தெருவில் தூரக்கண்ணாடி கிடையாது, மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுவார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், மணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள் ஐயா. 1950-இல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. ஒரு கிராமத்து உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருநாள் காலை விளம்பரம்: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணிக்கு இன்ன வீட்டில் ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும். கல்யாணப் பத்திரிகை மாதிரியே! மாலையில் ஊரே அந்த வீட்டில் ஆஜர். ஒருவராவது விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே? இந்தப் பக்கம் வந்தேன், சும்மா எட்டிப் பார்த்தேன் என்று ஆளுக்கொரு சாக்கு. நான் படித்துக்கொண்டே சத்தமாகச் சிரித்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

சிரிப்புக்கு அடியில் ஒரு கனமான விஷயம் இருக்கிறது. அந்த நாவலில் மார்பிள் இன்ஸ்பெக்டரிடம், 15 வருஷத்துக்கு முன்பு யார் யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்கிறார். புதிதாக ஒருவர் குடிவந்தால் அவர் இன்னாருக்கு உறவு, இன்னாருடன் வேலை பார்த்தவர் என்று ஒரு நூல் இருக்கும். போருக்குப் பிறகு அந்த நூல் அறுந்துவிட்டது. எங்கிருந்தோ வருகிறார்கள், தங்களைப் பற்றித் தாங்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் ஊருக்குத் தெரியும். கையில் ரேஷன் அட்டை இருக்கும், ஆனால் அந்த ஆளைப் பத்து வயதில் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். அந்த இடைவெளிக்குள்தான் கொலையாளி வந்து குடியேறுகிறான். வம்பு ஆரோக்கியமாக இருந்த காலத்தில் அவனால் வாடகைக்கு வீடே பிடித்திருக்க முடியாது. மூளை அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. காணாமல் போனது எது என்று நடுவர் கவனிக்கவேண்டும்.

எதிரணித் தலைவர், நகரத்துத் துப்பறியும் கதைகள் எழுதிய அமெரிக்கர் ரேமண்ட் சாண்ட்லரையும் இழுத்தார். 1944-இல் அவர் ஒரு கட்டுரையில் இந்த மாதிரிக் கதைகளை உரித்து உப்புத் தடவினார், உண்மைதான். கொலையைச் சந்துபொந்தில் காரணத்தோடு கொலை செய்கிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் கட்சி. சரி, அவருடைய நகரத்துத் துப்பறிவாளர் அடிக்கடி அடி வாங்கி மயங்கி விழுகிறாரே ஏன்? அந்த ஊரில் அவருக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு பால்காரர் இல்லை! நான்கு வருஷம் கழித்து, 1948-இல், கவிஞர் ஆடன் வேறொரு கட்டுரை எழுதினார். துப்பறியும் கதை தனக்குப் புகையிலை, மது மாதிரி ஒரு போதை என்றும், கிராமப்புற இங்கிலாந்தில் நடக்காத கதையைப் படிப்பதே தனக்குக் கஷ்டம் என்றும் ஒப்புக்கொண்டார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில்தான் ஒரு பிணம், வரவேற்பறைக் கம்பளத்தில் நாய் அசிங்கம் செய்துவிட்ட மாதிரி உறுத்தும் என்கிறார். யார் வீட்டு நாய் என்று அடுத்த நிமிஷம் பேச்சு வருமா வராதா?

எம்.சி. பீட்டன் எழுதிய கதைகளில் துப்பறிகிற அகதா ரெய்சின் என்ற பெண்மணியை எதிரணி தொடவே இல்லை, ஏன் என்று எனக்குத் தெரியும். 1992-இல் வந்த முதல் நாவல். லண்டனில் மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திவிட்டு, காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் கார்ஸ்லி என்ற கிராமத்தில் குடியேறுகிறார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர்ப் போட்டியில் கீஷ் செய்து பரிசு வாங்கினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போடுகிறார். கீஷ் என்றால் முட்டை, பாலாடை எல்லாம் ஊற்றிச் சுடுகிற கார வகை. அவருக்குச் சமைக்கத் தெரியாது, லண்டன் கடையில் வாங்கித் தன் கைப்பக்குவம் என்று வைத்துவிட்டார். அதைத் தின்ற நடுவர் செத்துப்போனார். (நடுவர் ஐயா, பதறவேண்டாம், இங்கே டீயும் சமோசாவும் மட்டும்தான், கடையில் வாங்கியது என்று எல்லாருக்கும் தெரியும்.) கொலைப் பழியிலிருந்து தப்பவேண்டுமானால் கடையில் வாங்கியது என்று சொல்லியாகவேண்டும். சொன்னால் ஊரில் மானம் போகும். போனது! அந்த மானத்தை மீட்கத்தான் அவர் துப்பறியக் கிளம்புகிறார். துப்பறிவதற்கான காரணமே ஊர்வாய் என்றால், மூளைக்கு இந்தக் கதையில் டிரைவர் வேலைதான். பீட்டன் சொந்த வாழ்க்கையில் மகனின் பள்ளி விற்பனைக்குக் கடைக் கீஷ் இரண்டை வாங்கி, உறையைப் பிரித்து, தான் செய்ததாகக் கொடுத்துப் பாராட்டு வாங்கியவர். அவரே சொன்ன கதை, நான் வம்பு பேசவில்லை.

லிலியன் ஜாக்சன் பிரவுனின் பூனைக் கதைகளில் வம்பு ஒரு படி மேலே போய் அச்சிலேயே ஏறுகிறது. துப்பறிபவர் அங்கே பத்தி எழுதுகிறவர், ஊர்ப் பத்திரிகையின் பெயர் 'மூஸ் கவுண்டி சம்திங்'. 'ஏதோ ஒன்று' என்றே பத்திரிகைக்குப் பெயர்! "பூனைதானே துப்புக் கொடுக்கிறது?" என்பார்கள். பூனையின் மூளையை வைத்துத்தான் எதிரணி ஜெயிக்கவேண்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எதிரணியின் உருப்படியான சாட்சி ஒன்றே ஒன்றுதான்: 2020-இல் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. அதில் எலிசபெத் முன்னாள் உளவுத்துறைக்காரர், கூர்மையான ஆள், மறுக்கவில்லை. ஆனால் கென்ட்டில் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிற அந்த நான்கு பேர் குழுவின் கதையை யார் வாயால் பாதி கேட்கிறோம்? ஜாய்ஸ். ஓய்வுபெற்ற நர்ஸ், கேக் சுடுவார், யாரோடும் இரண்டு நிமிஷத்தில் பேச்சுக் கொடுப்பார், ராத்திரி அத்தனையையும் டைரியில் கொட்டுவார். எலிசபெத் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுவார். ஜாய்ஸ் கேக்கை நீட்டினால் தானே சொல்வார். மூளைக்கே வம்பு வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த ஜோடியைவிட வேறு என்ன வேண்டும்?

"வம்பு பொய் சொல்லுமே, அப்பாவியைத் தூக்கில் ஏற்றுமே" என்று தங்கை உருகினார். சொல்லும்தான். ஆனால் ஒருவர் எதைப் பற்றிப் பொய்யாகப் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேச மறுக்கிறார் என்பதே துப்பு. ஊரே கூடிப் பேசும்போது ஒருவர் மட்டும் மழையைப் பற்றிப் பேசினால் மார்பிள் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

இந்தக் கதைகளுக்கு அமெரிக்காவில் வருஷா வருஷம் அகதா விருது கொடுக்கிறார்கள். பரிசு என்ன தெரியுமா? பூதக்கண்ணாடி என்றுதானே நினைப்பீர்கள்? தேநீர்க் கெண்டி ஐயா, தேநீர்க் கெண்டி! தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு ஒரு தம்ளர் போதும், கெண்டி எதற்கு?

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிட்டேன். ஒரே ஒரு செய்தி பாக்கி. இடைவேளையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரணித் தலைவர் சமோசாவோடு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லப் போகிறாராம், ஏதாவது காதில் விழுந்ததா?" என்று கேட்டார். அவருக்குத்தான் அவ்வளவு மூளை இருக்கிறதே, என்னிடம் ஏன் வந்தார்?