கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

டீக்கடைச் சுவரில் "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையும் தொங்கும்: "இங்கு அரசியல் பேசக் கூடாது". சலூன்களிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் மதித்ததில்லை. எழுதி மாட்டிய கடைக்காரரே காலையில் முதல் ஆளாகப் பேச்சை எடுத்துக் கொடுப்பார். இப்போது பல கடைகளில் அந்தப் பலகையைக் காணோம். பேசலாம் என்று யாரும் அனுமதி கொடுத்துவிடவில்லை, தடுக்கிற அளவுக்குப் பேச்சு இல்லை, அவ்வளவுதான். ஆறு பேர் டீ குடிக்கிறார்கள், ஆறு பேரும் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள்.

இது சின்ன இழப்பு இல்லை என்பது என் எண்ணம். 1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சியே மாறியது; காமராஜரே விருதுநகரில் தோற்றார். அப்போது இங்கே தொலைக்காட்சி கிடையாது, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-ல்தான். மேடைப் பேச்சு, பத்திரிகை, சினிமா, இவற்றோடு ஊர் ஊராக இருந்த படிப்பகங்களும் சலூன்களும் டீக்கடைகளும் சேர்ந்துதான் மக்கள் மனத்தை அசைத்தன. மேடையில் கேட்டதை மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படிக்க முடிந்தது. கடைக்கு வருவது ஒரே பத்திரிகை. அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாதவரும் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வார். சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி முடிந்ததும் அதே கதை மறுபடி ஆரம்பிக்கும்.

அந்தப் பேச்சில் நான் முக்கியமாக நினைப்பது வாதாடிய இரண்டு பேரை அல்ல. இவர் ஒரு கரைவேட்டி, அவர் இன்னொரு கரைவேட்டி. விடிய விடியப் பேசினாலும் இரண்டு பேரும் கட்சி மாறப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் மூன்றாவதாக ஒருவர் கிளாஸை உருட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் இன்னும் முடிவு செய்யாதவர். அந்த வாதமெல்லாம் அவருக்காகத்தான் நடந்தது. அதனால் இரண்டு தரப்பும் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டியிருந்தது. அளந்து விட்டால், "போன எலெக்சன்ல நீங்களே வேற மாதிரி சொன்னீங்களேண்ணே" என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டுவிடுவார். வசைபாடினால் எழுந்து போய்விடுவார். இன்று வாட்ஸ்அப்பில் நம் கட்சிக்காரர்கள் நம் கட்சிக்காரர்களுக்கே அனுப்பிக்கொள்கிறோம். அங்கே மூன்றாவது ஆள் இல்லை. அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய அவசியம் போனதும் நாக்குக்குக் கடிவாளமும் போய்விட்டது.

பயமும் ஒரு காரணம். முன்பு டீக்கடையில் சொன்னது டீக்கடையோடு போய்விடும். இப்போது பக்கத்து ஆள் கையில் கேமரா இருக்கிறது. கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியம் முன்னும் பின்னும் வெட்டப்பட்டு மாலைக்குள் ஊர் முழுக்கச் சுற்றும். 2012-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காகவும் அதற்கு 'லைக்' போட்டதற்காகவும் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். அப்படிக் கைது செய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவு போனது, பயம் போகவில்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை இன்றும் கேட்கிறோம். அப்புறம் சாதி. பல ஊர்களில் எந்தக் கட்சி என்று கேட்பது என்ன சாதி என்று கேட்பதாகவே ஆகிவிட்டது. அப்படி இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

பணத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குக்குப் பணம் கொடுத்த புகாரில் தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர். ஒருவர் வாக்கைப் பேசிப் பெற வேண்டும் என்ற நிலை இருந்தவரை பேச்சுக்கு மதிப்பு இருந்தது. கவர் கொடுத்துப் பெறலாம் என்றான பிறகு அவரோடு எதற்கு வாதாட வேண்டும்?

அதற்காக அந்தப் பழைய பெஞ்சை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அது எல்லோருக்குமான பெஞ்சாக இருந்ததில்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில் தலித் மக்கள் வெளியே நின்றுதான் குடித்தார்கள். உள்ளே நடந்த விவாதத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெண்கள் அங்கே உட்காரவே இல்லை. இதை மறைத்துவிட்டு "அந்தக் காலம் போல வருமா" என்று பேசுவது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கூலி ஏன் இன்னும் வரவில்லை, ரேஷனில் ஏன் பருப்பு இல்லை, யாருக்கு ஓட்டுப் போட்டோம், அவர் என்ன செய்தார் என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால், அரசியல் பேச்சு செத்துப்போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது இடம் மாறியிருக்கிறது. அந்தக் குரல்கள் பொது இடத்துக்கு வருவதற்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டியது. பல ஊர்களில் அது கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. தயவுசெய்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

டீக்கடை, சலூன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பத்திரிகை வாங்கிப் போடும் கடைகள் இன்னும் இருக்கின்றன. முடிந்தால், அதோடு ஒத்துப்போகாத இன்னொரு பத்திரிகையையும் சேர்த்து வாங்குங்கள். தாள்களைப் பிரித்து பெஞ்சில் போட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.