லாஸ் வேகஸில் மூன்று நாள்: தூரமும் வெயிலும் பார்த்துப் போடும் திட்டம்

[திரையில்: ஸ்ட்ரிப் சாலையின் வரைபடம். தெற்கே மான்டலே பே ஓட்டல், வடக்கே ஸ்ட்ராட் கோபுரம்.]

இந்தச் சாலையைப் பாருங்கள். லாஸ் வேகஸ் என்றதும் நினைவுக்கு வரும் நீரூற்று, பாதி உயர ஈபிள் கோபுரம், பிரமிடு வடிவ ஓட்டல் எல்லாம் இதன் இருபுறமும்தான் இருக்கின்றன. ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் இந்தச் சாலையின் நீளம் ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டர்கூட இல்லையே, நடந்தே பார்த்துவிடலாம் என்று தோன்றும். முதல்முறை வருகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் இங்கேதான் குலைகிறது.

இங்குள்ள கட்டடங்கள் மிகப் பெரியவை. எம்ஜிஎம் கிராண்ட் என்ற ஒரே ஓட்டலில் 5,000-க்கும் மேற்பட்ட அறைகள். அவ்வளவு பெரிய கட்டடம் தொலைவில் இருந்தாலும் பக்கத்தில் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். அடுத்த ஓட்டல்தானே என்று கிளம்பினால் கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். அறையிலிருந்து லிஃப்டில் இறங்கி, கேசினோ எனும் சூதாட்டக் கூடத்தைக் கடந்து, தெருவுக்கு வருவதற்கே பத்து நிமிடம் போய்விடும். சாலையை நினைத்த இடத்தில் கடக்கவும் முடியாது. பெரிய சந்திப்புகளில் நடை மேம்பாலம்தான் வழி. ஏறி, இறங்கி, எதிர்ப்புற ஓட்டலின் வாசலைச் சுற்றித்தான் மறுபடி நடைபாதைக்கு வருவீர்கள்.

அதனால், பார்க்க வேண்டிய இருபது இடங்கள் என்று பட்டியல் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஒரு மாலைக்கு ஒரு பகுதி. ஒரு காலைக்கு ஊருக்கு வெளியே ஓர் இடம். நடுப்பகலில் நிழல். மூன்று நாளை இப்படிப் பிரித்தவர்கள்தான் இந்த ஊரை அனுபவித்துப் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: மொஹாவே பாலைவனம், பிறகு வெப்பநிலைப் பலகை.]

நடுப்பகலில் ஏன் நிழல்? லாஸ் வேகஸ் இருப்பது மொஹாவே பாலைவனத்தில். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர். சென்னையில் ஐப்பசி மழை வலுத்தால் ஒரே நாளில் கொட்டிவிடும் அளவு அது. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி பதிவானது. இந்த ஊரின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

நமக்கு வெயில் புதிதல்ல என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் வியர்வை சட்டையை நனைக்கும்; உடல் நீர் இழப்பது நமக்குத் தெரியும். இங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை வந்த உடனே ஆவியாகிவிடும். தாகம் எடுப்பதற்குள் தலைவலி வந்துவிடும். வயதான பெற்றோரை அழைத்து வருபவர்கள் இதை மனத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் வருவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் கட்டாயம்.

எந்த மாதம் என்பதைவிட எந்தக் கிழமை என்பதுதான் பணத்தை மிச்சம் பிடிக்கும். வெள்ளி, சனி இரவுகளில் அறை வாடகை எகிறும். ஞாயிற்றுக்கிழமை வந்து புதன்கிழமை கிளம்பினால் அதே அறை பாதி விலைக்குக்கூடக் கிடைக்கலாம். ஆனால் வார நாள்களிலும் ஒரு சிக்கல் உண்டு. இது மாநாடுகளின் ஊர். ஜனவரியில் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சி நடக்கும்; 2023 முதல் நவம்பரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் ஸ்ட்ரிப் சாலையிலேயே நடக்கிறது. அந்த நாள்களில் வாடகையும் ஏறும், பந்தயம் என்றால் சாலையும் அடைபடும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பு இந்தத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.

[திரையில்: ஓட்டல் கட்டண ரசீது. ஒரு வரி சிவப்பில் வட்டமிடப்படுகிறது.]

வாடகை பற்றிப் பேசும்போது இந்த வரியைப் பார்க்க வேண்டும். ரிசார்ட் கட்டணம். வைஃபை, உடற்பயிற்சிக் கூடம் முதலியவற்றுக்காக என்று சொல்லி ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறை வாடகைக்கு மேல் வாங்கும் தொகை. நீங்கள் அவற்றைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். மலிவான அறைகளில் இந்தக் கட்டணம் வாடகையையே மிஞ்சிவிடுவதும் உண்டு. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் நேரத்தில்தான் இதைச் சேர்ப்பார்கள். 2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த முழு விலையைத்தான் முதலில் காட்ட வேண்டும். நல்ல மாற்றம். இருந்தாலும் பல ஓட்டல்களில் கார் நிறுத்தக் கட்டணம் தனி. இரண்டு ஓட்டல்களை ஒப்பிடும்போது அதையும் கூட்டிப் பாருங்கள்.

தங்கும் இடத்துக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. ஃபிளமிங்கோ சாலை ஸ்ட்ரிப்பைக் குறுக்கே வெட்டும் சந்திப்பின் அருகில் தங்குங்கள். சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. பெலாஜியோ, சீசர்ஸ் பேலஸ், பாரிஸ், ஃபிளமிங்கோ எல்லாம் அங்கேயே இருக்கின்றன. நடுப்பகலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்ப முடியும். ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் மலிவாகத் தங்கினால் மிச்சம் பிடித்த பணம் வாடகைக் காருக்கும் டாக்ஸிக்கும் போய்விடும்.

போக்குவரத்துக்கு 'டியூஸ்' என்ற இரட்டை மாடி பஸ் 24 மணி நேரமும் ஸ்ட்ரிப்பில் ஓடுகிறது. மோனோரயில் ஒன்றும் உண்டு, ஆனால் அது சாலையின் கிழக்குப் பக்க ஓட்டல்களின் பின்புறமாகச் செல்கிறது. நிலையத்தை அடையவே ஓட்டலுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும். விமான நிலையத்துக்கும் அது போகாது. பழைய வழிகாட்டிகளில் மக்கேரன் என்று இருக்கும் அந்த விமான நிலையத்துக்கு 2021 டிசம்பர் முதல் ஹாரி ரீட் என்று பெயர்.

[திரையில்: மாலை மங்குகிறது. பெலாஜியோ ஏரி.]

முதல் மாலையை அந்த ஃபிளமிங்கோ சாலைச் சந்திப்பிலேயே கழியுங்கள். பெலாஜியோ நீரூற்று 1998-இல் திறக்கப்பட்டது. இசைக்கேற்ப ஆடும் நீர் சில நேரங்களில் 140 மீட்டர் உயரம்வரை பாயும். கட்டணம் இல்லை. பிற்பகலில் அரை மணிக்கு ஒரு முறை, இரவு எட்டு மணிக்குப் பிறகு கால் மணிக்கு ஒரு முறை. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு முறையும் பாட்டு மாறும், நீரின் நடையும் மாறும். முதலில் ஏரியின் விளிம்பில் நின்று பாருங்கள், பிறகு எதிர்ப்பக்கம் சற்று உயரமான இடத்திலிருந்து பாருங்கள். நீர் வரையும் கோலம் மேலிருந்துதான் முழுதாகப் புரியும். ஓட்டலுக்குள் பருவத்துக்குப் பருவம் மாற்றியமைக்கும் மலர்க்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்கும் கட்டணம் கிடையாது.

இரண்டாம் மாலை வடக்கே. வெனிஷியன் ஓட்டலுக்குள் கால்வாய் வெட்டிப் படகு விடுகிறார்கள். மேற்கூரையில் தீட்டிய வானத்தில் எப்போதும் அந்திப் பொழுது. கேசினோக்களில் ஜன்னலும் கடிகாரமும் இருக்காது என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே நுழைந்தால் மணி என்னவென்று உங்களுக்குத் தெரியவே கூடாது என்று அமைத்த இடங்கள் இவை. அலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது இங்கே உண்மையிலேயே உதவும்.

அங்கிருந்து கிழக்கே ஸ்பியர். 2023 செப்டம்பரில் திறந்த, 112 மீட்டர் உயரமும் 157 மீட்டர் அகலமும் கொண்ட உருண்டை அரங்கம். உள்ளே 17,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். வெளிப்புறம் முழுவதும் எல்இடி விளக்குகள். அந்தக் காட்சியைத் தெருவிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பக்கத்திலுள்ள ஹை ரோலர் என்ற 167 மீட்டர் உயர ராட்டினத்தில் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். இருட்டத் தொடங்கும் நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். ஊரை வெளிச்சத்திலும் பார்ப்பீர்கள், விளக்கேற்றிய பிறகும் பார்ப்பீர்கள்.

மேடை நிகழ்ச்சி ஒன்று போதும். அதற்கு நல்ல இருக்கை எடுங்கள். பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை இருக்கும். வார நாள்களில் வருபவர்கள் அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே நிகழ்ச்சி நாளைப் பாருங்கள். பழைய வீடியோக்களை நம்பி வருபவர்களுக்கு இன்னொன்று: மிராஜ் ஓட்டலின் முன்னால் வெடித்துக்கொண்டிருந்த செயற்கை எரிமலை இனி இல்லை. அந்த ஓட்டல் 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

[திரையில்: ஃப்ரீமான்ட் தெருவின் ஒளிக்கூரை.]

மூன்றாம் மாலை பழைய நகரத்துக்கு. லாஸ் வேகஸ் 1905-இல் ரயில் நிறுவனம் நிலத்தை ஏலம் விட்டபோது பிறந்த ஊர். அந்த ஊர் இதுதான். ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி நிர்வாகக் கணக்கில் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. ஃப்ரீமான்ட் தெருவுக்கு 1995-இல் கூரை போட்டார்கள். அந்தக் கூரையே ஒரு திரை. இரவில் மணிக்கொரு முறை காட்சி ஓடும். கூட்டமும் சத்தமும் அதிகம். கைக்குழந்தையோடு போவதானால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புங்கள். அருகில் நியான் அருங்காட்சியகம் இருக்கிறது. இடித்த ஓட்டல்களின் விளக்குப் பலகைகளைத் திறந்தவெளியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களைத் தயங்காமல் தகர்க்கும் இந்த ஊரில், பழையதைப் பத்திரப்படுத்தும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

[திரையில்: விடியற்காலை. செம்பாறைகள்.]

இனி காலைகள். ரெட் ராக் கேன்யன், ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே அரை மணி நேரக் கார் பயணம். 21 கிலோமீட்டர் ஒருவழிப் பாதையில் ஓட்டிச் சென்று, பிடித்த இடத்தில் நிறுத்தி நடக்கலாம். காலை வெயில் படும்போது பாறைகள் தீக்கங்கின் நிறத்தில் சிவக்கும். அக்டோபர் முதல் மே வரை காரில் நுழைய நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். இரவு வெகுநேரம் விழித்திருந்து இந்தக் காலையைத் தவறவிடாதீர்கள். ஊரின் விளக்குகளுக்கு நிகரான காட்சி இது.

ஹூவர் அணை தென்கிழக்கே முக்கால் மணி நேரத்தில். 221 மீட்டர் உயரம், கொலராடோ ஆற்றின் குறுக்கே. 1931-இல் அணை வேலை தொடங்கியது. அதே 1931-இல்தான் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அணைத் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்குத் தடை. இன்றும் அந்தத் தடை தொடர்கிறது. கூலி வாங்கியவர்கள் பொழுதுபோக்கத் தேடி வந்த இடம் லாஸ் வேகஸ். அணையின் மேல் நடந்தால் ஒரு காலடியில் நெவாடா, மறு காலடியில் அரிசோனா. நீர் உட்புகும் கோபுரங்களில் இரு மாநிலங்களுக்கும் தனித்தனிக் கடிகாரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கோடையில் இரண்டும் ஒரே நேரம் காட்டும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் வேறுபடும். மேலே 2010-இல் திறந்த பாலத்தில் நடைபாதை இருக்கிறது. அணையை முழுதாகப் படமெடுக்க அதுதான் இடம்.

கிராண்ட் கேன்யனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்பார்கள். எந்த கிராண்ட் கேன்யன் என்று பார்க்க வேண்டும். கண்ணாடி நடைபாதை இருக்கும் மேற்கு விளிம்பு ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்கா அல்ல. அங்கே போக இரண்டு, இரண்டரை மணி நேரம். நாம் படங்களில் பார்க்கும் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புக்கு நாலரை மணி நேரம், ஒரு வழிக்கு. மூன்று நாளில் அதை நுழைத்தால் ஒன்பது மணி நேரம் காரிலேயே போய்விடும். தெற்கு விளிம்புக்குத் தனியாக ஒரு பயணம் வாருங்கள். அந்த இடத்துக்கு அந்த மரியாதை வேண்டும்.

[திரையில்: ரூலெட் சக்கரம்.]

சூதாட்டம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். குழந்தைகள் கேசினோ வழியாக நடந்து கடக்கலாம்; அங்கே நிற்கக் கூடாது. ஆட நினைப்பவர்கள் இந்தச் சக்கரத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 1 முதல் 36 வரை எண்கள், அவற்றோடு ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். மொத்தம் 38 குழிகள். எல்லாக் குழியிலும் ஒரு டாலர் வைத்தால் 38 டாலர் செலவு. பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் கைக்குத் திரும்புவது 36 டாலர். இரண்டு டாலர் ஓட்டலுக்கு. நூற்றுக்கு 5.26. ஸ்ட்ரிப்பில் சில மேசைகளில் மூன்றாவதாக ஒரு பூஜ்யமும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே நூற்றுக்கு 7.69. பூஜ்யம் எத்தனை என்று எண்ணிவிட்டு உட்காருங்கள். எத்தனை அதிர்ஷ்டசாலிக்கும் இந்தக் கணக்கு மாறாது. இதற்கு என்று ஒதுக்கிய பணம் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். ஆடாமலே இருந்தாலும் இந்த ஊரில் எதையும் இழக்க மாட்டீர்கள். இதுவரை சொன்ன இடங்களில் எதற்கும் பந்தயம் கட்டத் தேவையில்லை.

[திரையில்: ஐ-15 நெடுஞ்சாலை.]

கலிஃபோர்னியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் காரில்தான் வருகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சுமார் 435 கிலோமீட்டர், சாலை காலியாக இருந்தால் நான்கு மணி நேரம். வெள்ளி மாலை வேகஸ் நோக்கியும், ஞாயிறு பிற்பகல் லாஸ் ஏஞ்சலஸ் நோக்கியும் வண்டிகள் நகராது. ஞாயிறு வந்து புதன் திரும்பினால் இரண்டு முறையும் அந்த நெரிசலில் சிக்க மாட்டீர்கள். வேறு வழியின்றி ஞாயிறு அன்றே திரும்ப வேண்டியிருந்தால், காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போதே பெட்ரோலையும் நிரப்பிக்கொள்ளுங்கள், பாலைவனத்தின் நடுவில் விலை கூடுதல்.