2.68 எடுத்த பிள்ளை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, மகளுக்கு டிகிரியில 2.68தான் வந்திருக்கு. மாஸ்டர்ஸெல்லாம் நமக்கு எங்க கிடைக்கப் போவுது?" என்றார். மகள் பேசாமல் நின்றாள். அந்தப் பெண் நான்கு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு, பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். இதைத் தாயும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். மேடையில் இதைப் பேசலாமா என்று இருவரிடமும் கேட்டேன். சரி என்றார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் முதுகலைக்கு வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்ச சிஜிபிஏ, அதாவது 4.00க்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி, 2.50. அதற்குக் கீழே, ஆனால் 2.00க்கு மேலே இருந்தால், அந்தத் துறையில் உள்ள வேலை அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்கப் பல இடங்களில் வழி உண்டு. சில பல்கலைக்கழகங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். விண்ணப்பிக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டமே இல்லாதவர்களுக்கு ஏப்பெல் என்ற வழி இருக்கிறது; வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் முறை அது. 30 வயது ஆகியிருக்க வேண்டும், எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா அளவிலான படிப்பும் தொடர்புள்ள வேலை அனுபவமும் வேண்டும், மதிப்பீட்டில் தேற வேண்டும். அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்கள் 3.00 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். அங்கேயும் பல இடங்களில் அதற்குச் சற்றுக் கீழே இருப்பவரை நிபந்தனையோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆக, 2.68க்குக் கதவு மூடவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டால், தேர்வுக் குழுவின் கண்ணில் அவள் வெறும் 2.68 மட்டும்தான்.

"மார்க்கை விடுங்க, அனுபவம்தான் முக்கியம்" என்று பேச எனக்கு மனம் வரவில்லை. சமூகப்பணி எழுத்து வேலையும்கூட. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின்படி ஒரு பையன் நீதிமன்றத்துக்கு வந்தால், அவனைப் பற்றி நன்னடத்தை அதிகாரி எழுதும் அறிக்கையை வைத்துத்தான் நீதிபதி யோசிப்பார். அவன் வீட்டுக்குப் போவதா, நன்னடத்தை விடுதிக்குப் போவதா என்பதில் அந்த நாலைந்து பக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டத்தைச் சரியாகப் படிக்காமல், நடந்ததையும் நம் ஊகத்தையும் பிரித்து எழுதத் தெரியாமல் இருந்தால், அடி விழுவது அந்தப் பையனுக்கு. முதுகலையில் ஆய்வுக் கட்டுரைகள் வரும், புள்ளியியல் வரும். அவற்றைத் தாங்குவீர்களா என்று பார்க்கத்தான் புள்ளிகளைக் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

ஆனால் அந்த வாசலைத் தாண்டியபிறகு, 3.1க்கும் 3.6க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைவிட, அழுகிற ஒருவர் எதிரில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார முடிகிறதா என்பதுதான் எனக்குப் பெரிது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 3.8 வாங்கிய பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதுவரை ஒரு முதியோர் இல்லத்திலோ காப்பகத்திலோ தொடர்ந்து நின்று வேலை செய்ததில்லை என்றால், ஒரு வருடம் போய்ச் செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். அந்த வருடம் வீண் போகாது.

எது அனுபவம்? ரத்த தான முகாமில் ஒருநாள் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, டீசர்ட்டோடு படம் பிடித்துக்கொள்வதை நான் சொல்லவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு பையனோடு தேசியப் பதிவு இலாகாவுக்கு ஏழெட்டுத் தடவை நடந்தீர்களே, அது. மலாய் தெரியாத பாட்டிக்காக ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னீர்களே, அது. கால் போன தோட்டத் தொழிலாளிக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரம் நிரப்பி, பணம் வரும்வரை விடாமல் கேட்டது. நம் பிள்ளைகள் இதையெல்லாம் "வீட்டு வேலை மாதிரிதானே அக்கா" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி, எதற்கு நீங்கள் பொறுப்பு, யார் மேற்பார்த்தார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். தேதி இருந்தால்தான் அதை எடைபோட முடியும்.

இன்னொன்று. அனுபவம் இருந்தால் படிப்பில் சலுகை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுகலைகளில் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. முன்பு பார்த்த வேலைக்காகப் பாடப் புள்ளி எதையும் கழித்துத் தரக்கூடாது என்பது அங்கே விதி. பத்து வருடம் வேலை பார்த்தவரும் மாணவராகத்தான் போய் நிற்க வேண்டும். எனக்கு இந்த விதி பிடிக்கும். ஏன் என்று என் கதையையே சொல்கிறேன்.

எனக்கு இளங்கலையில் 2.7. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு, அப்பா இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் வேலை செய்தேன். முதல் விண்ணப்பத்தில், "சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். நிராகரித்துவிட்டார்கள். மறுவருடம் வேறு மாதிரி எழுதினேன். அடையாளம் தெரியக் கூடாது என்று சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். தோட்டத்தை விற்று, லயத்தை இடிக்கப் போகிற நேரம். ஒரு பாட்டி தனியாக இருந்தார். நானே பாரம் நிரப்பி, நானே இடம் பிடித்து, அவரை இல்லத்தில் சேர்த்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆறாவது நாள் அந்தப் பாட்டி கேட்டார்: "ஏம்மா, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" அவருக்கு நாலு கிலோமீட்டரில் ஒரு தங்கை இருந்தார். நான் விசாரிக்கவே இல்லை.

அந்தத் தவற்றையும், அதற்குப் பிறகு என் வழக்கம் எப்படி மாறியது என்பதையும் எழுதினேன். இடம் கிடைத்தது. புள்ளி அதே 2.7தான்.

குறைந்த புள்ளியை மறைக்க வேண்டாம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள், அந்த இரண்டு செமஸ்டர் சரிந்தது என்றால், இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு எந்த செமஸ்டரில் எவ்வளவு ஏறியது என்று காட்டுங்கள். மூன்றாவது வரி வேண்டாம். பரிந்துரைக் கடிதத்துக்கு ஒய்.பி.யிடமோ (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) கோயில் தலைவரிடமோ ஓடாதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர், பாடம் நடத்திய விரிவுரையாளர் ஒருவர், இந்த இருவரிடம் வாங்குங்கள்.

கட்டுரையில் உங்கள் லயத்து மனிதர்களின் துயரத்தை அப்படியே எடுத்து வைத்துவிடாதீர்கள் என்பதையும் கெஞ்சிக் கேட்கிறேன். பெயரை மாற்றினால் போதாது. இந்தச் சின்ன ஊரில் "மூன்று பிள்ளைகளோடு கணவனை விட்டு வந்தவர்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். அவருடைய கதை அவருடையது. அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்பது மட்டும்தான் உங்களுடையது.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்க மேசையில் மூன்று மணிவரை இருப்பேன். டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) கையில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அந்தச் சனிக்கிழமை வகுப்புத் தங்கை முதலில் வரட்டும். நான்கு வருடத்தையும் உட்கார்ந்து தேதி வாரியாக எழுதிவிடலாம்.