பத்து வளையல்களும் ஒரு சுவரும்

அவையோர்க்கு வணக்கம்.

பினாங்கில் சுவரோவியம் என்றதும், ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளே நினைவுக்கு வருவர். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த அந்த ஓவியத்தின் முன் நின்று படமெடுக்க இன்றும் கூட்டம் கூடுகிறது. அதில் குறை காண நான் வரவில்லை. ஆயினும், இத்தனை சுவர்கள் சுற்றுலாப் பயணிகளோடு பேசும் ஊரில், இங்கேயே வாழும் கருவுற்ற பெண்களோடு பேசவும் ஒரு சுவர் வேண்டும். அதை அவர்களே வரையவும் வேண்டும்.

தமிழர் பெருமளவில் வாழும் மும்பைத் தாராவியில், 2015இல் நடந்த ‘தாராவி பியனாலே’ என்னும் கலைவிழாவில், அங்குக் குடியிருப்போரே கலைஞர்களோடு அமர்ந்து உடல்நலம் பற்றிய படைப்புகளை உருவாக்கினர். வரைந்து முடித்த படத்தைவிட, வரையும்போது நடக்கும் பேச்சையே நான் பெரிதாக எண்ணுகிறேன். கிளினிக் மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், கேட்கக் கூசும் கேள்வியை, தூரிகையும் கையுமாக நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுவிடலாம்.

எதை வரைவது? கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தை வேண்டாம். அது பால்மாவு டின்னிலேயே இருக்கட்டும். வளைகாப்பு வளையல்களை வரையலாம். நம் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 28ஆம் வாரமளவில், குழந்தையின் அசைவை எண்ணும் அட்டையை அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். காலை 9 மணியிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். இரவு 9 மணிக்குள் பத்து அசைவு எட்டாவிட்டாலோ, அதற்கு முன்பே அசைவு குறைந்துவிட்டதாகத் தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுவரில் ஒரு கை, அதில் பத்து வளையல்கள், ஒருபுறம் காலைச் சூரியன், மறுபுறம் நிலா. மலாய் படிக்கத் தெரியாத பாட்டியும், “இன்னிக்கு எத்தனை வளையல் ஆச்சும்மா?” என்று மருமகளைக் கேட்பார்.

கருவுற்றவருக்குக் கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகத்தில் ஆபத்தின் அளவைக் காட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களையும் ஒரு கோலமாகச் சேர்க்கலாம். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை என்பது கணவருக்கும் தெரிய வேண்டியதாயிற்றே. இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரிக் எனும் பால் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சரிவரச் சேராது என்பதற்கு ஒரு கிளாஸ் படம் போதும். வண்ணம் தொடுமுன் வரைவை ஒரு தாதி பார்த்துத் திருத்த வேண்டும்; அதில் மட்டும் கலைஞருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்தச் சுவருக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நம் அடுக்குமாடி லிஃப்டுக்கு எதிர்ச்சுவரையே கேட்போம். அங்கே நாம் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.